ஓ உறவா

ஜூன் 9, திங்கள்

தண்ணீர்த் தொட்டி கழுவ வருவதாகச் சொன்ன ஆள் இன்றும் வரவில்லை. வர முடியாது என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்? சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்கிறவர் இந்த ஊரில் யாராவது உண்டா என்று முணுமுணுத்துக்கொண்டே காப்பி குடித்தேன். மாடியில் இஸ்திரிப்பெட்டி மேசைமேல் ‘டக்’ என்று உட்கார்ந்தது. மாடிக்காரர்கள் குடிவந்த நாளிலிருந்து ஒரு காலையும் தவறாத சத்தம்.

இஸ்திரி போடுவது கார்குழலி. முப்பத்தைந்துக்குள் இருக்கும். பி.காம். அப்பா மில் தொழிலாளி. புருஷன் வினோத்குமார் ஆட்டோ ஓட்டுகிறான். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு இவள் செல்போனில் வீடியோ போடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆட்டம் பாட்டமாக இருக்கும் என்று நினைத்து நான் பார்த்ததில்லை.

இன்று ஷாஜாதி போன் செய்தாள். கான்வென்ட்டில் என் பக்கத்து இருக்கைக்காரி. என்னை அதட்ட இன்று மிச்சமிருக்கும் ஒரே ஆள்.

“ஏண்டி நிர்மலா, விழுப்புரம் வரைக்கும் பாக்குது, கீழ்வீட்ல இருக்கற நீ பாக்கலியா? அந்தப் பேப்பர மடிச்சி வச்சிட்டுப் பாருடி!”

பார்த்தேன். ‘கோரிமேடு அக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறாள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வழி சொல்கிறாள். எங்கே இறங்குவது, எந்த வாசல், முதல்தடவை வருகிறவர் கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும், கூட வந்தவர் எங்கே சாப்பிடலாம். ஒரு வீடியோவில் ஒரே ஒரு விஷயம்தான். தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் அதே வேப்பமரம், அதே கடுகு மஞ்சள் துப்பட்டா, மடிப்புக் கலையாமல். முதல் வரியும் எப்போதும் ஒன்றுதான்: “பஸ்ஸ வுட்டு எறங்கிட்டீங்களா? பயப்படாதீங்க, நான் இருக்கேன்.”

பேச்சில் வழவழப்பு இல்லை. கையை ஆட்டுவதில்லை. நான் மதிப்பெண் போடுகிறவளாக இருந்தால் குறைக்க இடம் தேடித்தான் ஆக வேண்டும்.

ஒன்று இருக்கிறது. முடிக்கும்போது “ஓ உறவா!” என்கிறாள். அது என்ன வார்த்தை?

ஜூன் 11

கேட்டே விட்டேன். “ஏம்மா, தினமும் ஒரே நிறத் துப்பட்டாவா?”

“அடுக்கி வச்சிருக்கேன் மதாம், மேல வந்து பாருங்க. எல்லாம் கடுகு மஞ்சள்தான். உங்க ஃப்ரெண்டு கடையில ஒரே துணியில வெட்டி வாங்கினேன்.”

ஷாஜாதி கடையிலா! அந்தக் கள்ளி என்னிடம் மூச்சு விடவில்லை.

“அலுக்காதா?”

“எனக்கு அலுக்கும். பாக்குறவங்களுக்கு அலுக்காது மதாம். ஒரு அம்மா கூட்டத்துல நிக்கறாங்க, கையில ஸ்கேன் கவரு, தோள்ல சாஞ்சிக்கிட்டுப் புருஷன். அவங்களுக்கு என் மொகமா ஞாபகம் வரும்? மஞ்சள்தான் ஞாபகம் வரும். நாளைக்கு நான் பச்சை போட்டா என்னைத் தேடி அவங்க எங்க போவாங்க?”

நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் பதினோரு வருஷம் கான்வென்ட்டுக்குப் போன எனக்கு இது தோன்றவே இல்லை.

ஜூன் 16

துப்பட்டா இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாறிவிட்டதாம். எடுத்த வீடியோவை அழித்துவிட்டுத் திரும்பக் கோரிமேட்டுக்குப் போயிருக்கிறாள். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது? சிரிப்பதா அழுவதா?

துணி உலர்த்தும்போது கேட்டேன், “கடைசியில் ஏதோ சொல்கிறாயே, அது எங்கே பிடித்தாய்?”

அவள் கையில் கிளிப்போடு நின்றுவிட்டாள். “நீங்கதான மதாம் சொல்றீங்க?”

“நானா?”

“தெனம் காலைல நான் கேட்டத் தாண்டும்போது. ‘ஓ உறவா’ன்னு.”

ஓ ரெவ்வார்! போய் வா என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு. என் கணவர் இருந்தவரை தினமும் வாசலில் நின்று அவருக்குச் சொல்வேன். இப்போது யார் கேட்டைத் தாண்டினாலும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

அவள் சொன்ன கதை இது. வீடு கேட்டு வந்த அன்று, எங்கள் வீட்டுக்காரருடைய பூர்வீகம் பாகூர் என்று எப்படியோ தெரிந்துகொண்ட வினோத்குமார், “எங்கம்மாவும் பாகூர்தான் மதாம். ஒரு வகையில நாமல்லாம் ஒறவு” என்றானாம். நான் பதில் சொல்லவில்லையாம். சொல்லியிருக்க மாட்டேன்தான். குடிவந்த மறுநாள் காலை இவள் கேட்டைத் தாண்டும்போது நான் நிமிர்ந்து பார்த்து, “ஓ, உறவா?” என்றிருக்கிறேன். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

“குத்திக் காட்டுறீங்கன்னு நெனச்சி மேல போய் அழுவேன் மதாம். இவரு வேற வீடு பாக்கலாம்னுட்டாரு. அப்பறம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, நீங்க கஞ்சி வச்சி மாடியேறி வந்தீங்களே? அன்னைக்கு எறங்கும்போதும் அதையேதான் சொன்னீங்க. அடடா, இந்தம்மா கேலி பண்ணல, ஒத்துக்கிட்டாங்கன்னு தோணுச்சி. நல்லாருக்குதேன்னு நானே எடுத்துக்கிட்டேன்.”

இவ்வளவு நாளாக இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்று வேறு வேறு பேச்சுப் பேசியிருக்கிறோம்!

ஆனால் தப்பு தப்புதானே. அங்கேயே உட்காரவைத்து சரியான உச்சரிப்பைச் சொல்லிக் கொடுத்தேன். அந்த ‘ர’ தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும். அவள் முயற்சி செய்தாள். மாடிப்படியில் நின்ற வினோத்குமார், “உப்புத்தண்ணி கொப்பளிக்கிறியா குழலி?” என்றான். எனக்குக் கோபம் வந்தது.

“யோசிக்கிறேன் மதாம்” என்றாள் கடைசியில். யோசிக்க இதில் என்ன இருக்கிறது?

ஜூன் 26

இன்னும் ‘ஓ உறவா’தான். நாலு நாளாகப் பார்க்கிறேன்.

இன்று நேராகவே சொன்னேன்: “படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.”

“சிரிக்கட்டும் மதாம். பஸ்ஸுக்கு முன்னாடி ஊர் பேர் போட்ட போர்டு இருக்கும்ல? எழுத்து கொஞ்சம் கோணலாவே இருக்கட்டும். தெனம் ஒரு தினுசா மாத்தி எழுதுனா எவன் நம்பி ஏறுவான்? மொத வீடியோலேர்ந்து இப்படித்தான் சொல்லியிருக்கேன். இப்படியே இருக்கட்டும்.”

“தவறான போர்டு வைத்துக்கொண்டா?”

“நான் திருத்திக்கிட்டா அது உங்க வார்த்தை. இப்ப இருக்கறது என் வார்த்தை.”

பிடிவாதக்காரி. இந்தத் தெருவில் பிடிவாதத்துக்கு நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

வினோத்குமார் ஆட்டோவில் நானும் கோரிமேட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. கைத்தடியோடு ஒரு பெரியவர் இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். என் கணவரை இங்கே சேர்த்த அன்று நானும் இதே சாலையில் நின்றேன். கேட்கத் தெரியாமல் இல்லை, கேட்க வாய் வரவில்லை. ஊரே மதாம் தேவதாஸ் என்று கூப்பிடுகிற நான் யாரிடம் போய் வழி கேட்பேன்?

பெரியவரின் கண் மஞ்சளில் பட்டது. நேராக வந்தார். “நீதான அது?”

“நான்தான்பா. பழைய சீட்டு இருக்கா? அப்ப அந்த வாசல். கூட யாரு வந்திருக்கா?”

வீடியோ எடுக்க அவள் போனை வெளியே எடுக்கவே இல்லை. வாசல்வரை கூடவே நடந்து போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, மரத்தடியில் தன் இடத்தில் நின்றாள்.

வீட்டுக்கு வந்து ஷாஜாதியிடம் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். “மூச்சு விடு நிர்மலா. நாந்தான ஒனக்குக் காட்டுனேன்?” என்றாள்.

ஜூலை 14

பதினாலு ஜூலை, பிரெஞ்சு தேசிய நாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பங்கள் கொடி ஏற்றுகிற சத்தம் கேட்டது. இந்த வருஷமும் நான் போகவில்லை.

ஜூலை 19, சனி

காலையில் ஷாஜாதியின் குரலே சரியில்லை. “ஒங்க மாடிக்காரி லாட்ஜுக்கு ஆள் புடிக்கிறாளாமே? கடைக்கு வந்தவங்க சொல்றாங்க.”

ஒரு வீடியோ அனுப்பினாள். அதே வேப்பமரம். அதே கடுகு மஞ்சள். “பஸ்ஸ வுட்டு எறங்கிட்டீங்களா? பயப்படாதீங்க, நான் இருக்கேன்.” ஆனால் முகத்தில் ஆஸ்பத்திரி மாஸ்க். மாஸ்க்குக்கு மேலே தெரிகிற கண்கள் கார்குழலியுடையவை இல்லை. பெயர் ‘கோரிமேடு அக்கா ஒரிஜினல்’. ஒரு லாட்ஜின் பெயரைச் சொல்லி, முன்பணம் அனுப்பி அறையைப் பிடித்துவிடுங்கள், அப்புறம் கிடைக்காது என்கிறாள் அந்தப் பெண். பணம் அனுப்பிவிட்டு வந்து நின்றவர்களுக்கு அங்கே அறையும் இல்லை, கேட்பாரும் இல்லை.

திட்டு முழுவதும் கார்குழலியின் வீடியோக்களுக்குக் கீழேதான் வந்து விழுகிறது. திருக்கோவிலூர் சிலம்பரசன் என்று ஒருவன் குரலிலேயே அனுப்பியிருக்கிறான்: “எங்க மாமியார வச்சிக்கிட்டு ராவெல்லாம் ரோட்ல ஒக்காந்திருந்தோம்கா. ஒறவு ஒறவுன்னு சொல்லி இப்படி அறுத்துட்டியே.”

அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கீழே எனக்குக் கேட்கிறது. யாராவது அதை நிறுத்தச் சொல்லுங்களேன்!

ஜூலை 21

இன்று காலையும் இஸ்திரிப்பெட்டிச் சத்தம் இல்லை. நேற்றும் இல்லை.

போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள். அது நடக்கும்போது நடக்கும். அதற்குள் பெயர் போய்விடுமே? அவளிடம் இருக்கிறதே அந்தப் பெயர் ஒன்றுதான். ஜவுளிக்கடை வேலையையும் விட்டாயிற்று. இவளைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனார்களாம் நேற்று பஸ் நிறுத்தத்தில். மரத்தடியில் நிற்கவே முடியவில்லையாம்.

மாடிப்படியில் மூன்று பேரும் பேசினோம். வினோத்குமார் கொதித்துக்கொண்டிருந்தான். “கலர மாத்து. பேர மாத்து. பச்சை எடு, நீலம் எடு, எதுனா எடு. அவளுக்கே அந்த மஞ்சள வுட்டுத் தொலை!”

“நான் மாத்துனா அவதான் நெசம்னு ஆயிடும்யா.”

“அப்ப என்னதான் பண்ணுவ? மூலைல ஒக்காந்துக்கிட்டா ஆச்சா?”

நானும் என் பங்குக்குச் சொன்னேன், “நீயும் ‘ஒரிஜினல்’ என்று போட்டுக்கொள்ளேன்.”

“போட்டா ரெண்டு ஒரிஜினல் ஆயிடும் மதாம்” என்றாள். குரலில் ஜீவனே இல்லை. ஆனால் சொன்னது சரி. இந்த நிலைமையிலும் இவள் சரியாகத்தான் யோசிக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும்தான் உளறுகிறோம்.

ஜூலை 23, புதன்

ஷாஜாதி வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்தப் போலியின் வீடியோக்களை ஒவ்வொன்றாகக் கடைசிவரை போடச் சொன்னேன். திட்டுவதற்காவது முழுதாகப் பார்க்க வேண்டாமா?

முதல் வீடியோ முடிந்தது. அந்தப் பெண் கையை உயர்த்தி, “ஓ ரெவ்வார்!” என்றாள்.

தொண்டையிலிருந்து வந்தது அந்த ‘ர’. பிசிறே இல்லை. எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லித் தந்த கன்னியாஸ்திரி, எங்கள் மாசேர், கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். “அடேயப்பா, என்ன சுத்தமான உச்சரிப்பு!” என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“மார்க் போடுறியாடி? திருட்டுக் கழுதைக்கு மார்க்கு!” என்றாள் ஷாஜாதி.

அடுத்ததிலும் ஓ ரெவ்வார். அதற்கடுத்ததிலும்.

அப்போதுதான் புரிந்தது. காது கூசியது. துப்பட்டாவை, மரத்தை, முதல் வரியை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் இந்த ஒன்றை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். இவ்வளவு தவறான வார்த்தையை ஒருத்தி வேண்டுமென்றே வைத்திருப்பாள் என்று படித்தவர்களுக்கு எப்படித் தோன்றும்? பாவம், ஏதோ தெரியாமல் சொல்கிறாள் என்று சரிசெய்துகொண்டார்கள். நான் செய்யச் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள், அட்சரம் பிசகாமல்.

ஜூன் மாதம் அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால்?

முழங்கால் வலியோடு மாடி ஏறினேன். கதவைத் தட்டி, “கார்குழலி, உன் முதல் வீடியோ இன்னும் இருக்கிறதா? அழிக்கவில்லையே?” என்றேன்.

“போட்டது எதையும் அழிச்சதில்ல மதாம். ஏன்?”

சொன்னேன். இரண்டையும் போட்டுக் கேட்டாள். நாலு நாள் கழித்து அந்த முகத்தில் ஒரு சிரிப்பு.

ஜூலை 24

விடிந்ததும் ‘டக்’. காப்பியை அப்படியே வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வீடியோ வந்தது. அந்தப் போலியைப் பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை. அதே இடம், அதே மஞ்சள், அதே முதல் வரி. பிறகு:

“என் மாதிரியே ஒருத்தங்க வீடியோ போடுறாங்க. நான் எந்த லாட்ஜுக்கும் யாரையும் அனுப்புனதில்ல, பணம் கேட்டதில்ல. எது நான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? கடைசில என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. நல்லா பிரெஞ்சு பேசுனா அது நான் இல்ல. எனக்கு பிரெஞ்சு வராது. எங்க ஹவுஸ் ஓனர் மதாம் தெனம் பிரெஞ்சுல ஒண்ணு சொல்வாங்க, அத நான் தப்பாக் கேட்டுக்கிட்டேன். ஒறவான்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன். மொத வீடியோலேர்ந்து பாருங்க, எல்லாத்துலயும் அதே தப்பு இருக்கும். அந்தத் தப்புதான் நான். ஓ உறவா!”

என்னை ஊர் முழுக்க இழுத்துவிட்டாள். அனுமதி கேட்டாளா? கேட்கவில்லை. நான்கு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவை ஷாஜாதி வந்ததால் அவளோடு.

ஜூலை 31, வியாழன்

வினோத்குமார் நடித்தே காட்டினான். நேற்று அந்த மாஸ்க் பெண் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருக்கிறாள். உளுந்தூர்ப்பேட்டைப் பாட்டியம்மா ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “எங்க, அந்த வார்த்தய சொல்லு பாப்போம்” என்றிருக்கிறாள்.

அந்தப் பெண்ணும் உஷாராக, “ஓ உறவா” என்று சொன்னாளாம்.

“இன்னைக்குச் சொல்லிட்ட. போன வாரம் ஏன்டியம்மா வேற மாதிரி சொன்ன?” என்று பாட்டியம்மா தன் பேரனின் போனை நீட்டினாளாம். கூட்டம் கூடிவிட்டது. மாஸ்க் பெண் ஆட்டோ தேடி ஓட, “நான் ஏத்தலியே மதாம்! வேற ஆட்டோ பாத்துக்கோன்னுட்டேன்” என்று வினோத்குமார் குதித்தான்.

தவறான சொல்லை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அத்தனை காலமாக மாற்றாமல் அதையே சொல்லியிருப்பதை ஒரு நாளில் கற்க முடியாது. இந்தப் பெண் அலுக்க அலுக்க அதே துணியை இஸ்திரி போட்டது வீண்போகவில்லை. அவளிடம் இதைச் சொன்னேனா? இல்லை. “துப்பட்டா விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறது, பார்” என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 6

போலிக் கணக்கு காணாமல் போய்விட்டது. லாட்ஜுக்காரனைப் போலீஸ் கூப்பிட்டிருக்கிறதாம். காய்கறிக்காரர் என்னைப் பார்த்து, “நீங்கதானா அந்த மதாம்?” என்கிறார். கத்தரிக்காயில் பூச்சி இருந்ததைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

காலை பதினொன்றுக்கு கேட்டில் ஒரு ஆணும் ஒரு அம்மாளும். கோரிமேட்டில் விசாரித்து, எங்கள் முத்தியால்பேட்டையில் விசாரித்து, வந்துவிட்டார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

“அக்கா இருக்காங்களா? நான் சிலம்பரசன், திருக்கோவிலூரு. தெரியாம அவங்கள ரொம்ப அசிங்கமா பேசிட்டேன். இது எங்க மாமியாரு, சின்னப்பாப்பா. நேர்ல மன்னிப்புக் கேக்காம ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அடம் புடிக்கிறாங்க.”

கார்குழலி அப்போதுதான் மரத்தடிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். போனில் கூப்பிட்டேன். அவன் பேச ஆரம்பித்ததுமே அழுதுவிட்டான். அவள் அந்தப் பக்கத்திலிருந்து, “அத வுடுங்கண்ணே, அம்மாவோட பழைய சீட்ட எடுத்தாந்தீங்களா? மொதல்ல அத சொல்லுங்க” என்று கேட்டது எனக்கே கேட்டது. சீட்டை வாங்கிப் பார்த்தேன். எந்த வாசல், எந்த வரிசை என்று நானே அவனுக்குச் சொன்னேன். அத்தனை வீடியோ பார்த்திருக்கிறேனே. ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

அம்மாளுக்கு நாளைக்குத்தான் பரிசோதனை. பஸ்ஸில் வந்த களைப்பு, உதடு வறண்டிருந்தது. அவன் மட்டும் போய் விசாரித்துவிட்டு வருவதாகப் பேச்சு. அதுவரை அம்மா வெளிப்படியில் உட்காரட்டுமா என்று கேட்டான். என்ன கேள்வி இது?

ரசம் சாதம் போட்டேன். உப்புக் குறைச்சல் என்று சொன்னாள், எனக்குப் பிடித்தது. இப்போது என் கணவர் படுத்திருந்த கட்டிலில் வாய் லேசாகத் திறந்தபடி தூங்குகிறாள். ஜன்னல் வெயில் அவள் முகத்துக்கு வருகிறது. திரையை இழுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அவள் எழுந்திருக்கும்போது காப்பிக்குப் பால் போதாது. ஷாஜாதியை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.